கண்டக்டர் அண்ணனும் என் இடது காதும்

ராயப்பேட்டை ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா எனக்குப் பின்னால் நின்றுகொண்டு, என் வலது காதை விரலால் அடைத்து, இடது காதின் பக்கமாக மெல்லிய குரலில் எண்களைச் சொன்னார். கேட்டதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். எனக்குக் கேட்டதெல்லாம் இரண்டு வருடமாகக் காதுக்குள் ஓயாமல் ஓடிக்கொண்டிருந்த கொய்ங் என்ற இரைச்சல் மட்டும்தான். எதிரில் கண்டக்டர் அண்ணன் நின்றிருந்தார். பதினோரு வருடம் அவரும் நானும் ஒரே பஸ்ஸில் வேலை பார்த்தவர்கள். கண்ணாடியில் தெரியும் அவர் வாயசைவைப் பார்த்தே பாதி நேரம் வண்டி ஓட்டியவன் நான். இப்போதும் அந்த எண்ணை உதட்டால் காட்டிவிடுவார் என்று அவர் முகத்தையே பார்த்தேன். அவர் முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கொண்டார்.

அதற்கு முந்தைய நாள்தான் அது நடந்தது. மந்தைவெளி ஸ்டாப்பிங்கில் ஒரு பெண் கீரைக்கூடையோடு இறங்கிக்கொண்டிருந்தபோது நான் வண்டியை எடுத்துவிட்டேன். அண்ணன் பாய்ந்து அவள் தோளைப் பிடித்திருக்காவிட்டால் பின்சக்கரத்தில் போயிருப்பாள். முழங்கால் சிராய்ப்போடு தப்பினாள். கீரை தெருவெல்லாம் சிதறிக் கிடந்தது.

"மூணு தபா விசில் ஊதினேன் நைனா. உன் காதுல வுழவே இல்லியா?"

"விழுந்துச்சுண்ணே. பிரேக்தான் சரியா புடிக்கல."

அவர் மறுநாள் லீவு போட்டு என்னை ஆஸ்பத்திரிக்கு அழைத்துவந்தார். இடது காதின் நரம்பு பாதிக்கு மேல் கெட்டுவிட்டது, அதைச் சரிசெய்ய முடியாது, இனி இன்ஜின் பக்கத்தில் உட்காரக் கூடாது என்றார் டாக்டரம்மா. அந்தக் காலத்து வண்டிகளில் டிரைவரின் இடதுபுறம்தான் இன்ஜின் இருக்கும். வெளியே வந்ததும் அண்ணன் சொன்னார்: "நீயே டிப்போல போய் சொல்லிடு. ஒரு வாரம் பாப்பேன். இல்லாங்காட்டி நான் சொல்லிடுவேன்."

இரண்டு பெண்கள் படிக்கிறார்கள் என்று கெஞ்சினேன். "வண்டியில வர்றதும் புள்ளைங்கதாம்பா" என்றார். ஒரு வாரம் போயிற்று. நான் சொல்லவில்லை. அவர் சொல்லிவிட்டார்.

என்னை ஸ்டியரிங்கிலிருந்து இறக்கி டிப்போவின் ஸ்டோர் ரூமில் உட்காரவைத்தார்கள். வேலை போகவில்லை. ஆனால் பெல்ட்டும் போல்ட்டும் எடுத்துக்கொடுக்கிறவனாகிப் போனதில் எனக்கு உயிரே போனதுபோல இருந்தது. ஷிப்ட் முடிந்ததும் அண்ணன் ஒரு டீயை வாங்கிவந்து என் மேஜையில் வைத்துவிட்டு நிற்பார். நான் நிமிர மாட்டேன். ஏடு படிந்து ஆறும்வரை அதைத் தொடவும் மாட்டேன். அவர் செய்தது சரி என்று சீக்கிரமே எனக்குத் தெரிந்துவிட்டது. அதை அவரிடம் சொல்லத்தான் வாய் வரவில்லை. அப்படியே இருவரும் ரிட்டயர் ஆனோம். அடையாற்றங்கரையில் இருந்த அவர் வீட்டை ஆக்கிரமிப்பு என்று இடித்துவிட்டு, குடும்பத்தோடு ஊருக்கு வெளியே பெரும்பாக்கத்து அடுக்குமாடிக்கு அனுப்பிவிட்டார்கள்.

அங்கிருந்து மாதம் தவறாமல் போன் செய்வார். திரையில் பெயரைப் பார்த்ததும் ஆசையோடு எடுப்பேன். அதற்குள் வலது காதும் மங்கிவிட்டிருந்தது. அந்தப் பக்கம் ஏதோ கரகரவென்று கேட்கும். காது கேட்கவில்லை என்று வேறு யாரிடமானாலும் சொல்லிவிடலாம், அவரிடம் எப்படிச் சொல்வது? "நல்லா கீறேன்ணே, சாப்ட்டேன்" என்று சொல்லி வைத்துவிடுவேன்.

போன மாசியில் ஒருநாள் காலை அவர் எண்ணிலிருந்து அழைப்பு வந்தது. வழக்கம்போல அதையே சொல்லி வைத்தேன். நான்கு நாள் கழித்துப் பழைய மெக்கானிக் ஒருவர் வீட்டுக்கு வந்து, "இன்னா மாமா, நீ சாவுக்குக்கூட வரலியே?" என்றார். அன்று காலை பேசியது அண்ணி. அண்ணன் இறந்த செய்தியைச் சொன்னவரிடம்தான் நான் சாப்பிட்டேன் என்று சொல்லியிருக்கிறேன்.

அடுத்த வாரமே என் பெரிய பெண் என்னை அடையாறில் ஒரு டாக்டரிடம் அழைத்துப்போனாள். கண்ணாடி அறைக்குள் உட்காரவைத்து, காதில் ஹெட்போன் மாட்டி, சத்தம் கேட்டால் பொத்தானை அழுத்தச் சொன்னார்கள். இந்த முறை யார் முகத்தையும் பார்க்கவில்லை. கேட்டதற்கு மட்டும் அழுத்தினேன். "ஏங்க இவ்ளோ நாள் விட்டீங்க?" என்றார் டாக்டர். இரைச்சல் முழுதாகப் போகாது, கருவி வைத்தால் பேச்சு கேட்கும் என்றார்.

கருவி வந்ததும் பெரும்பாக்கம் போனேன். அண்ணி என்னைப் பார்த்து அழுதார், திட்டவில்லை. "மாசா மாசம் உங்களத்தான் கூப்புடுவாரு. ஒரு ஞாயித்துக்கெழமை வூட்டுக்கு வா நைனா, சேந்து சாப்புடலாம்னுவாரு. நீங்க சாப்ட்டேன்னுட்டு வச்சிடுவீங்களாம். அவனுக்கு இன்னும் கோவம் தீரலன்னு சொல்லினே இருந்தாரு."

"கோவம் இல்ல அண்ணி. காதுதான் கேக்கல."

அண்ணி என் காதிலிருந்த கருவியைப் பார்த்தார். பிறகு எழுந்து போய், சுவரில் மாலை போட்டிருந்த படத்துக்கு முன்னால் நின்று, காது கேளாதவரிடம் சொல்வதுபோல உரக்கச் சொன்னார்: "கேட்டுச்சா? கோவம் இல்லியாம்."