சோடா கம்பெனிக்காரரின் வாரிசு

ஆஸ்டின் டவுனில் வார்டுத் தேர்தலுக்கு ஓட்டுக் கேட்டு எங்கள் வீட்டுக்கு ஒருவர் வந்தார். எழுபது வயது, பூனைக்கண். தெருநாயைப் பார்த்தாலும் தொப்பியைத் தூக்கி வணக்கம் சொல்லுவார்.

"எங்க முப்பாட்டன் இங்கிலாந்துலேர்ந்து வந்தவரும்மா. இங்கயே தங்கி சோடா கம்பெனி வச்சாரு. அப்புறம் கவுன்சிலராவே ஆயிட்டாரு," என்றார் என் மனைவியிடம்.

"இந்தத் தெருவுக்கு என்ன செஞ்சாரு?"

"சாக்கடை கட்டித் தர்றேன்னு சொன்னாரு."

"கட்டினாரா?"

"இல்லம்மா. அதுக்குத்தான் நான் நிக்கிறேன்."

அவர் தோற்றுப்போனார். என் மனைவி அவருக்குத்தான் ஓட்டுப் போட்டாள். வெள்ளைக்காரர் காலத்து வாக்குறுதியை இன்னும் ஞாபகம் வைத்திருப்பவர் அவர் ஒருவர்தான் என்றாள். அந்தச் சாக்கடை விஷயத்தை அவர் பெருமையாகச் சொன்னாரா, வெட்கத்தோடு சொன்னாரா என்பதுதான் எனக்கு இன்றுவரை பிடிபடவில்லை.