மூன்று கை நூலில் நான்கு கை

புதுக் கம்பளி நூலுக்கு ஒரு வாசம் உண்டு... பூச்சி உருண்டையும் அட்டைப்பெட்டியும் மழை ஈரமும் கலந்த வாசம். கண்டி டவுனில் நாங்கள் நூல் வாங்கும் கடைக்குள் காலை வைத்ததும் அதுதான் முதலில் வரும்.

நாங்கள் என்றால் நானும் ஃபரீனாவும். பேராதனையில் ஒரே ஆபீசில் தற்காலிக கிளார்க் வேலை. நான் மஹய்யாவ வீட்டிலிருந்து போவேன். அவள் தெல்தெனியக்காரி, கண்டியில் மாமி வீட்டில் தங்கியிருந்தாள். ஒரே பஸ், ஒரே சீட். நான் குட்டை, அவள் நெட்டை. கண்டக்டர் எங்களைப் பார்த்துச் சிரிக்காத நாள் குறைவு.

அவளுக்கு நுவரெலியாவில் நிரந்தர வேலை கிடைத்தது. எனக்குச் சந்தோஷம்... கொஞ்சம் வயிற்றெரிச்சலும்தான், இல்லையென்று சொன்னால் பொய்.

ஆனால் அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே இழுப்பு. அந்தக் குளிரில் பிள்ளை படுத்துவிடுவாள் என்று அவளுடைய வாப்பாவுக்குப் பயம். நல்ல தடிப்பான ஸ்வெட்டர் ஒன்று இருந்தால் அனுப்புவேன், இல்லையென்றால் வேலையே வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

கடையில் விற்ற ஸ்வெட்டர் எல்லாம் அவள் கைக்கு முழங்கை தாண்டியதும் நின்றுவிடும். சரி, நாமே பின்னுவோம் என்று இறங்கினோம். அவளுக்கு ஒன்று, துணைக்கு எனக்கும் ஒன்று. சாம்பல் நிற நூல் வாங்கிச் சரிபாதியாகப் பிரித்துக்கொண்டோம். குட்டைக்கும் நெட்டைக்கும் சரிபாதி... நியாயமாக நடந்தோமாம்!

பஸ்ஸில் பின்னினோம், சாப்பாட்டு நேரத்தில் பின்னினோம். எனக்கு நூல் அளந்து வைத்தாற்போல் சரியாக இருந்தது. அவளுக்கு ஒரு கை முடிந்ததோடு உருண்டையும் முடிந்துவிட்டது.

கடைக்கு ஓடினோம். கடைக்கார நாநா தலையை ஆட்டினார். அந்த நிறத்தைக் கம்பனி நிப்பாட்டிவிட்டதாம், இனி வராதாம். வேறு சாம்பல் நிறங்களை எடுத்துப்போட்டார். கடைக்குள் எல்லாம் ஒன்றுபோலத்தான் தெரிந்தன. வாசலுக்குக் கொண்டுபோய் வெயிலில் பிடித்தால் ஒன்று நீலம் அடித்தது, இன்னொன்று பழுப்பு. பாதி ஒத்துப்போகிற சாம்பலை விட ஒத்தே போகாத நிறம் மேல் என்று மரூனில் இரண்டு உருண்டை வாங்கிக்கொண்டு வந்தோம்.

ஞாயிற்றுக்கிழமை வாப்பா வருவதாக இருந்தது. ஃபரீனா ஒற்றைக் கை ஸ்வெட்டரை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"ஒரு கை சாம்பல், ஒரு கை மரூனா? வாப்பா கண்டா, ஒரு ஸ்வெட்டருக்கே வழியில்லாம எங்க போற என்டு கேப்பாரு."

எனக்கு அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. என் ஸ்வெட்டரை எடுத்துத் தோளில் தையலைப் பிரிக்க ஆரம்பித்தேன். அவள் என் கையைப் பிடித்தாள்.

"விடு ஃபரீனா. ஒருத்தி போட்டா ஒட்டுப்போட்டதும்பாங்க. ரெண்டு பேரும் போட்டா டிசைனும்பாங்க."

என் கை இரண்டு, அவள் கை ஒன்று. மூன்றையும் உருவி, இடையிடையே மரூன் பட்டை போட்டு நான்கு கை பின்னினோம். விரல் நுனியெல்லாம் எரிந்தது. ஆபீசில் எங்கள் வேலையையும் சேர்த்துச் செய்த புண்ணியவான்களுக்கு இன்றைக்கும் நன்றி.

ஞாயிறு வந்தது. இரண்டு பேரும் ஒரே மாதிரி ஸ்வெட்டரோடு வாப்பா முன்னால் போய் நின்றோம். அவர் மகளின் கையைத் தடவிப் பார்த்தார், பிறகு என்னுடையதைப் பார்த்தார்.

"கொழும்புல இப்ப இதுதான் போடுறாங்களா மகள்?"

அவள் வேலைக்குப் போனாள். பென்ஷன் எடுக்கும் வரை அங்கேதான் இருந்தாள், இப்போதும் அங்கேதான் மகளோடு இருக்கிறாள்.

போன மாதம் அலுமாரியைத் திறந்தபோது என் ஸ்வெட்டரின் முழங்கையைப் பூச்சி அரித்திருந்தது. சாம்பல் பகுதியில்தான். இப்போது கடைகளில் எத்தனை நிறம்! போனைத் தட்டினால் இன்னும் ஆயிரம். அதிலே "சாம்பல்" என்று போட்டு வாங்கிய உருண்டை வீட்டுக்கு வந்தபோது ஊதாவாக இருந்தது. போனில் நூலை வெயிலில் பிடித்துப் பார்க்க முடியாதே... ஃபரீனாவிடம் சொல்லிப் புலம்பினேன், அவ்வளவுதான்.

மறுவாரம் கூரியரில் ஒரு பொதி வந்தது. உள்ளே சின்னதாக ஒரு சாம்பல் உருண்டை. அதே நிறம். நூல் முழுக்கச் சுருள் சுருளாக இருந்தது... பின்னலிலிருந்து உருவிய நூல் அப்படித்தான் இருக்கும். பதறிப்போய் போன் எடுத்தேன்.

"நா இப்ப கட்டையாகிட்டன் சந்திரா. வயசு போனா ஒடம்பு சுருங்குது தானே. கீழ ஒரு சாண் சும்மா தொங்கிட்டு ஈந்திச்சி, அதத்தான் உருவினேன்."

எனக்கு மனம் லேசாகிவிட்டது. முழங்கையைப் பின்னி முடித்தேன். நேற்று அவளுக்குக் காட்ட வேண்டுமென்று வீடியோ கால் எடுத்தேன். கண்டியில் இப்போது ஸ்வெட்டர் போடுகிற குளிரா அடிக்கிறது? ஃபேனைப் போட்டுக்கொண்டு, ஸ்வெட்டரையும் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். நான் கேட்டதற்காக அவளும் தன்னுடையதைப் போட்டுக்கொண்டு வந்தாள்.

"எங்க, எழும்பி நில்லு, பாப்போம்" என்றேன். மழுப்பினாள். நான் விடவில்லை.

எழுந்தாள். பின்னால் இருந்த கதவு நிலையில் தலை இடிக்காத குறை. அன்றைக்கு இருந்த அதே உயரம், ஒரு விரல்கூடக் குறையவில்லை. ஸ்வெட்டர்தான் இடுப்புக்கு மேலேயே நின்றது.

அவள் ஸ்வெட்டரைக் கீழே இழுத்து இழுத்து விட்டாள். அது கீழே வரவில்லை.

"இப்ப இதுதான் ஃபேஷன், தெரியுமா?" என்றாள்.