மேல் ஓரத்தில் ஓர் அங்குலம்

1982 ஜனவரி 9, சனிக்கிழமை, பின்னேரம் நாலே முக்கால் மணி. உம்மா அஸர் தொழுதுவிட்டு முசல்லாவை மடித்துக்கொண்டிருந்தார். கல்முனை பசாரிலுள்ள பலசரக்குக் கடையின் தள்ளுவண்டி, சாய்ந்தமருதில் எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றது. வண்டிக்காரர் மூன்று சாக்குகளை இறக்கினார். மூன்றிலும் இருந்தவை பழைய கொப்பித் தாள்களில் ஒட்டிய கடதாசிப் பைகள். முந்திய வாரம் நாங்கள் அந்தக் கடைக்கு அனுப்பியவை. பிறகு தன் சட்டைப் பையிலிருந்து ஒற்றைக் கடதாசிப் பையை எடுத்து உம்மாவிடம் நீட்டினார்.

“முதலாளி இதக் காட்டச் சொன்னார். இனிப் பேக் வேணாமாம்.”

அதில் கருவாட்டு வாடை வீசியது. யாரோ ஒரு பிள்ளையின் கணக்குக் கொப்பித் தாள். பிழையான பெருக்கல் ஒன்றின் குறுக்கே ஆசிரியரின் சிவப்புக் கோடு. அதற்கும் மேலே, தாளின் தலையில், நீல மையில் 786.

“என்ன நடந்த?” என்று உம்மா கேட்டார்.

“ஹாஜியார் ஒராள் கால் ராத்தல் நெத்தலி வாங்கிப் போனார். வழியில இதக் கண்டுட்டார். கண்ட உடன பேக்கக் கொஞ்சி நெத்தியில வெச்சி ஒத்திட்டாராம். மறுகா அந்த வாடையோடயே கடைக்கு வந்து, பிஸ்மிக்குள்ள கருவாடு கட்டுறயாடா எண்டு ஏசின ஏச்சு! கடை முட்டச் சனம். முதலாளி பேக்கெல்லாத்தயும் திருப்பிக் கட்டச் சொல்லிட்டார்.”

சொல்லி முடிக்குமுன் அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உம்மா சிரிக்கவில்லை. அவருடைய பார்வை பக்கத்து வளவுப் பக்கம் போயிருந்தது.

அந்தப் பைகளை ஒட்டியவர் பக்கத்து வளவு ராத்தா. உம்மாவின் ஒன்றுவிட்ட தங்கையின் மகள். என்னைவிடச் சில வயது மூத்தவர். நெல் லொறி ஓட்டிய அவருடைய கணவர் நவம்பர் கடைசியில் காய்ச்சலில் மௌத்தாகியிருந்தார். ராத்தா இத்தாவில் இருந்தார்: நான்கு மாதமும் பத்து நாளும் வீட்டுக்குள்ளேயே, அந்நிய ஆண்களின் கண்ணில் படாமல். ஐந்து வயதில் ஒரு மகள், பால் மறவாத ஒரு மகன். இத்தா முடிந்ததும் அவரை வீட்டு வேலைக்குக் குவைத்துக்கு அனுப்ப அவருடைய தமையன் ஏஜென்ட் ஒருவரோடு கதைத்து முடித்திருந்தார். கடவுச்சீட்டுக்குப் படம் எடுப்பது மட்டுமே மிச்சம்; படக்கடைக்காரர் ஆண் என்பதால் அதுவும் இத்தா முடியும் நாளுக்குக் காத்திருந்தது. தமையன் கல்நெஞ்சர் அல்லர். ஒற்றைத் தையல் மெசினைக் கொண்டு இரண்டு குடும்பங்களை இழுக்க அவரால் இயலவில்லை, அவ்வளவுதான். ராத்தா அவரோடு வாதாடவில்லை. “என்ட புள்ளயள விட்டுட்டுப் போய் வேற ஆக்கள்ற புள்ளயளக் குளிப்பாட்டவா?” என்று உம்மாவிடம் ஒரு தடவை கேட்டார்.

அந்தக் கேள்வியிலிருந்துதான் பை ஒட்டும் வேலை பிறந்தது. டிசம்பரில் பாடசாலை ஆண்டு முடிகிறது; ஒவ்வொரு வீட்டிலும் எழுதித் தீர்ந்த கொப்பிகள் குவிகின்றன. கடைகளுக்குப் பைகள் வேண்டும். இத்தாவில் இருப்பவர் வெளியே போகாமல் செய்யக்கூடிய வேலை. எங்கள் தெரு ஒழுங்கையில் இருந்த பெண்களிடம் பழைய கடதாசியை ஸதகாவாகத் தரும்படி உம்மா கேட்டார். பேராதனையிலிருந்து விடுமுறைக்கு வந்திருந்த எனக்கு, வந்த கடதாசியைத் தெரிந்தெடுத்துப் பிரிக்கும் பொறுப்பு விழுந்தது.

கொடை தாராளமாக வந்தது. முதல் சிக்கலும் அதுவே. கொப்பிகளோடு சீமெந்துப் பைகள் வந்தன. மழையில் நனைந்து பலகைபோல் இறுகிய பத்திரிகைகள் வந்தன. கரப்பான் முட்டையிட்ட மருந்துப் பெட்டிகள், ஒரு வீட்டிலிருந்து எண்ணெய் ஊறிய வடைக் கடதாசி. தருமம் செய்வதையும் வீட்டைக் கூட்டுவதையும் சிலர் ஒரே நாளில் முடித்துக்கொண்டார்கள். வந்ததில் பாதியைக்கூடப் பயன்படுத்த முடியவில்லை. அந்த மிச்சத்தை எங்கே போடுவது என்பதும் எங்கள் தலையிலேயே விழுந்தது.

அறபு எழுத்துள்ள தாள்களை நான் முதலிலேயே பிரித்து வெள்ளைத் துணிப்பை ஒன்றில் இட்டேன். உதிர்ந்த குர்ஆன் தாள்கள், மதுரசாப் புத்தகங்கள். கால் படாத இடத்தில் புதைக்க வேண்டியவை. அவற்றில் ஒன்றும் என் கண்ணுக்குத் தப்பவில்லை. 786 தப்பியது வேறு விதமாக. பிஸ்மில்லாஹ்வின் எழுத்துகளுக்குரிய எண்களைக் கூட்டி வரும் தொகை அது. கணக்கானாலும் சிங்களமானாலும், எங்கள் ஊர்ப் பிள்ளை எழுதத் தொடங்குமுன் தாளின் தலையில் அதை இட்டுவிடும். என்னுடைய விரிவுரைக் குறிப்புகளிலும் அது இருந்தது. தாளில் அச்சிட்ட கோடுகளை யாரும் வாசிப்பதில்லை; இந்த எண்ணும் எங்களுக்கு அப்படி ஆகியிருந்தது. தெரிந்தெடுத்தவர், மடித்தவர், ஒட்டியவர், வாங்கிய முதலாளி, எல்லோருமே பார்த்தோம், ஒருவரும் காணவில்லை.

மறுநாள் ஒழுங்கைப் பெண்கள் ராத்தாவின் அறையில் கூடினார்கள். மூலை வீட்டு மாமி சாக்குகளைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார்.

“இந்தக் குப்பைய விட்டுத் தள்ளுகா. நாங்க அரிசி தாறம், தேங்காய் தாறம்.”

“எத்தின மாசத்துக்கு மாமி?” என்றார் ராத்தா.

“அல்லாஹ் தருவான் புள்ள.”

“ஓம், அவன் தருவான். நீங்க எத்தின மாசம் தருவீங்க?”

மாமியே முதலில் சிரித்தார். அரிசி கொடுத்தால் நன்மை எழுதப்படும் என்பதில் ஒருவருக்கும் ஐயம் இல்லை. ஒரு பையை வாங்கினால் அது நன்மையா, யாவாரமா என்பதே எவருக்கும் தெளிவாகவில்லை.

வாப்பா பள்ளிவாசல் லெப்பையிடம் போய்க் கேட்டார். அது குர்ஆன் ஆயத்து அல்ல, எண்தான். ஆனாலும் மனம் கூசினால் விட்டுவிடுவது நல்லது என்று லெப்பை சொன்னார். வாப்பா அதைக் கடையில் போய்ச் சொல்ல, முதலாளி, “லெப்பை சொன்னாச் சரிதான். ஆனா என்ட கடையில சீனி வாங்குறது லெப்பையா? சனமெல்லவா?” என்றாராம்.

திரும்பி வந்த பைகளைத் தரையில் பரப்பி நான் ஒவ்வொன்றாகப் பார்த்தேன். எண் எங்கே எழுதப்பட்டாலும் முதற் கோட்டுக்கு மேலே, வெறுமையான ஓரத்திலேயே இருந்தது. அந்த ஓர் அங்குலத்தை நீக்கிவிட்டால் கீழே மிஞ்சுவது வெறும் கடதாசி. இதைச் சொன்னபோது ராத்தா உடனே கத்தரிக்கோலை எடுத்தார். இன்னும் ஒட்டாமல் கிடந்த தாள்களைப் பொழுது சாயும்வரை வெட்டினோம். பெருவிரலில் கொப்புளம் வந்ததே தவிர, ஓரம் நேராக வரவில்லை. கோணிய தாளில் ஒட்டிய பைகள் சாய்ந்து நின்றன.

“இது வாதம் வந்த பேக்,” என்று ராத்தா ஒன்றைத் தூக்கிக் காட்டினார்.

கலியாண அழைப்பிதழின் ஓரங்கள் எப்படி அவ்வளவு நேராக வருகின்றன என்று உம்மா யோசித்தார். அந்த யோசனை எங்களைப் பசாரில் இருந்த அச்சுக்கூடத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தது. அதன் சொந்தக்காரர் கல்முனைத் தமிழர். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மை படிந்த கையோடு வந்தார். உம்மா சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு வெட்டும் மெசினைத் தட்டினார்.

“வெள்ளிக்கிழமை பன்ரெண்டு மணிக்கு என்ர பொடியன்மார் ஜும்மாவுக்குப் போயிருவாங்க. அந்த நேரம் இது சும்மா கிடக்கும். கொண்டுவாங்க, நானே வெட்டித் தாறன். காசொண்டும் வேணாம் அக்கா.” பிறகு என்னைப் பார்த்தார். “ஆனா ஒண்டு தங்கச்சி. கொப்பிக் கம்பி ஒண்டு இருந்தாலும் பிளேட் முறிஞ்சிரும். முறிஞ்சா எனக்கும் சோறில்ல, உங்களுக்கும் பேக்கில்ல.”

ஆகவே, வீட்டில் மிஞ்சியிருந்த கொப்பிகள் ஒவ்வொன்றிலும் நடுவில் இருந்த இரண்டு கம்பிகளைக் கழற்றுவது எங்கள் வேலையாயிற்று. துருப்பிடித்த கம்பிகள் நகத்துக்குள் ஏறின. நானும் உம்மாவும் ராத்தாவும் மட்டும் செய்தால் வெள்ளிக்கிழமைக்குள் முடியாது என்பது தெளிவாக இருந்தது. செவ்வாய்க்கிழமை காலையில் மூலை வீட்டு மாமி கொண்டை ஊசியோடு வந்து உட்கார்ந்தார்.

“அரிசி தாறத்துக்குக் கைய நீட்டினாப் போதும். இது முதுகு முறியிற ஸதகா,” என்று முறைப்பட்டுக்கொண்டே கழற்றினார். பின்னேரம் அவரோடு இன்னும் மூன்று பெண்கள் வந்தார்கள். அந்த வாரம் ராத்தாவின் வீட்டுக்கு வந்த உதவிகளுள் இதுவே பெரிது என்று எனக்குத் தோன்றியது. இதற்கு ஒரு சாக்கும் நிறையவில்லை, யாருடைய வீட்டுக் குப்பையும் குறையவில்லை.

வெள்ளிக்கிழமை நண்பகல், ஆண்கள் பள்ளிக்குப் போய்ப் பசார் அடங்கியிருந்த வேளையில், உம்மாவும் நானும் அச்சுக்கூடத்துக்குள் நுழைந்தோம். ஓரங்கள் தரையில் சிந்தக்கூடாது என்று உம்மா கொண்டுவந்த வெள்ளைத் துணியை மெசினுக்குக் கீழே விரித்தார்.

“என்னக்கா, மெசினுக்குக் கலியாணமா?” என்றார் அச்சுக்கூடக்காரர்.

“ஓம் தம்பி, மாப்பிள்ள நீங்கதான். கெதியா வெட்டுங்க.”

அவர் சக்கரத்தைச் சுழற்றித் தாள்களை இறுக்கி, கைப்பிடியை இழுத்தார். கனத்த ஓர் ஓசை. ஓர் அங்குல ஓரம் துணியில் விழுந்தது. மிச்சம் செங்கல் போல நேராக நின்றது. நான் மேலும் கீழும் புரட்டினேன். எண் எங்கும் இல்லை. ஜும்மா முடிந்து அவருடைய ஆட்கள் திரும்பியபோது கடைசிக் கட்டு வெட்டப்பட்டிருந்தது. அவர்களில் ஒருவர் வெட்டிய ஓரங்களைத் துணியோடு முடிந்து, பள்ளிவாசல் வளவில் புதைப்பதற்குத் தானே எடுத்துப் போனார்.

புதிய பைகள் ஒட்டி உலர்ந்ததும் கடைக்குக் கொண்டுபோக வேண்டியிருந்தது. வாப்பா வயலில். உம்மாவுக்குத் தலைச்சுற்று. நான் அதுவரை கடை முதலாளி ஒருவரோடு ஒரு முழு வாக்கியம் கதைத்தவள் அல்லள். மாமி துணைக்கு வந்தார்; ஆனால் கடை வாசலில் முக்காட்டை இழுத்துவிட்டு, “நீ படிச்ச புள்ளதானே, கதை,” என்று பின்னால் நின்றுகொண்டார்.

முதலாளி ஒரு பையை எடுத்து உள்ளும் புறமும் பார்த்தார். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தார். அரை ராத்தல் சீனியைக் கொட்டினார்; வாய் மடிக்க இடம் போதவில்லை.

“கட்டையாப் போச்சே மகள்.”

“கால் ராத்தல் போட்டுப் பாருங்க,” என்றேன்.

போட்டார். அளவாக நின்றது. அதைத் தட்டில் வைத்துவிட்டு நிமிர்ந்தார்.

“சரி. இனியும் ஒண்டு தப்பி வந்தா? சனத்துக்கு நான் என்ன மறுமொழி சொல்ற?”

“வந்தா எங்கட வீட்டுக்கு அனுப்புங்க. ஒட்டுறவங்கட வீட்டுக்கு வேணாம். தெரிஞ்சு பிரிக்கிறது நான். நான் இல்லாத நேரம் எங்கட உம்மா.”

பின்னால் நின்ற மாமி முக்காட்டுக்குள்ளிருந்து, “நானும்தான்,” என்றார்.

முதலாளி பையிலிருந்த சீனியைத் திரும்பச் சாக்கில் கொட்டினார். பொலித்தீன் சொப்பிங் பேக் இப்போது கொழும்பிலிருந்து வருகிறது, ஆனால் விலை கூட என்றார். பிறகு, “கால் ராத்தலுக்குத்தான் எனக்குக் கூடத் தேவை. கிழமைக்கு எவ்வளவு தர ஏலும்? இடையில விடப்படாது,” என்றார். “கிழமைக்கு ஒரு சாக்கு, விடாமத் தருவம்,” என்றேன். அவர் கடைப் பையனைக் கூப்பிட்டுச் சாக்கை உள்ளே எடுக்கச் சொன்னார்.

அன்று பின்னேரம் தமையன் வந்தபோது ராத்தா பசைக் கையோடுதான் பேசினார்.

“காக்கா, அந்த ஏஜென்டுக்குச் சொல்லுங்க. நான் படக்கடைக்கு வரல்ல.”

“யோசிச்சித்தான் சொல்றியா? கடதாசி எத்தின நாளைக்கு வரும்? கொப்பி முடிஞ்சா?”

ராத்தா என்னைப் பார்த்தார். அந்தக் கேள்வி நியாயமானது. டிசம்பர்க் கொப்பிகள் பெருமளவு தீர்ந்துவிட்டிருந்தன. தமையன் ராத்தாவின் மகனைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார். “சரி, சொல்றன். ஒரு வருசம் பாப்பம்,” என்று சொல்லிவிட்டு எழுந்தார்.

அடுத்த நாள் காலை எட்டு மணிக்கு, மடித்த சாக்கு ஒன்றைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நான் படித்த பாடசாலைக்குப் போனேன். பிள்ளைகள் எழுதி முடிக்கும் கொப்பிகளை மாதம் ஒரு தடவை, கம்பி கழற்றி, நனையாமல் சேர்த்துத் தரும்படி அதிபரிடம் கேட்டேன். அவர் தாம் எழுதிக்கொண்டிருந்ததை நிறுத்தி, களஞ்சிய அறையைத் திறந்துவிட்டார். சுவரின் பாதி உயரத்துக்குப் பழைய கொப்பிகள் அடுக்கியிருந்தன. கொண்டுபோன சாக்கை அவரிடமே விட்டு, இன்னும் இரண்டு எடுத்துவர வீட்டுக்குத் திரும்பி நடந்தேன்.