பெரிய ஜேக்கப், சின்ன ஜேக்கப்

2025 ஜனவரி 22, புதன்கிழமை, காலை ஆறு மணி பத்து நிமிடம். மேற்கே மலையின் இடுப்பு வரை மேகம், லேசான பனி, காற்று இல்லை. ராஜபாளையத்தில் என் வீட்டு மொட்டை மாடியில் நின்றுகொண்டு, கென்டக்கியிலிருந்து வந்து இரண்டு நாளே ஆன என் சம்பந்தியம்மா மார்ஜரி, காபிக்குச் சர்க்கரை கேட்பதுபோல் ஒரு கேள்வி கேட்டார். "உங்கள் கொள்ளுத்தாத்தாவின் கல்லறை எங்கே இருக்கிறது? நடந்து போய்ப் பார்த்துவிட்டு வரலாமா?"

கல்லறை இல்லை, எரித்துவிடுவோம், சாம்பலைத் தண்ணீரில் கரைத்துவிடுவோம் என்றேன். அப்படியானால் நினைவு வந்தால் எங்கே போவீர்கள் என்றார். நாங்கள் எங்கும் போவதில்லை, அமாவாசைக்குக் காக்கைக்குச் சோறு வைப்போம், அவர்களே வந்துவிடுவார்கள் என்றேன். கைப்பிடிச் சுவரில் அப்போது இரண்டு காக்கைகள் இருந்தன. மார்ஜரி சற்று யோசித்துவிட்டு, அவற்றுக்குத் தலையைத் தாழ்த்தி "குட் மார்னிங்" சொன்னார். அவற்றில் ஒன்று அவர் பிஸ்கட்டைத் தூக்கிக்கொண்டு பறந்தது. என் அப்பாவுக்கும் அடுத்தவர் தட்டில் கை வைக்கும் பழக்கம் உண்டு. எனவே நான் எதையும் மறுத்துப் பேசவில்லை.

பிள்ளைகளோடு ஆறு மாதம் அங்கே, வீட்டைப் பார்த்துக்கொள்ள ஆறு மாதம் இங்கே என்று வாழும் என் போன்றவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்குச் சொல்கிறேன். என் மகன் முருகன், மார்ஜரியின் மகளைக் கட்டியிருக்கிறான். மே முதல் அக்டோபர் வரை அவனோடு கென்டக்கியில் ஒரு சிற்றூரில் இருப்பேன். ஒன்பது வருடமாக இப்படித்தான். அந்த ஊரில் தெருவில் நடந்து போகும் மனிதர்கள் மொத்தம் மூன்று பேர், அதில் ஒருவன் நான். என்னோடு பேசுகிறவர்கள் நான்கு பேர். மகன், மருமகள், மளிகைக் கடையில் பில் போடும் பெண், மார்ஜரி. இவர்களில் ஒரே வீட்டில் இருக்கிற காரணத்துக்காகவோ சம்பளத்துக்காகவோ இல்லாமல் பேசுகிறவர் மார்ஜரி ஒருவர்தான். புதன்கிழமைதோறும் சரியாகப் பத்து மணிக்கு அவர் கார் வந்து ஹாரன் அடிக்கும். இருவரும் நூலகத்துக்குப் போவோம். வாரத்தில் மற்ற ஆறு நாளும் நான் புதன்கிழமைக்காகக் காத்திருக்கிற நாட்கள்.

நூலகத்தில் ஒரு பழைய ஆவண அறை உண்டு. நம் ஊரில் இந்த வயதில் கோயில் கோயிலாகப் போவார்கள். அங்கே செத்தவர்களைத் தேடிப் போகிறார்கள். மார்ஜரி முப்பத்தொரு வருடமாகத் தேடுகிறார். தேடிய ஆளும் கிடைத்துவிட்டார். காடாகக் கிடந்த காலத்தில் மலை தாண்டி வந்து, மரக்கோட்டை கட்டி, ஆற்றில் ஓடம் விட்ட கேப்டன் ஜேக்கப் பிண்டல் சீனியர். அவருக்குக் கீழே ஜேக்கப் பிண்டல் ஜூனியர். அவருக்குக் கீழே படிப்படியாக இறங்கி மார்ஜரி வரை எட்டுத் தலைமுறை. அந்த வட்டாரத்தில் முதலில் குடியேறியவர்களுக்கு நீதிமன்றப் புல்வெளியில் கல் நடுகிறார்கள். மார்ஜரி கல்லுக்குச் சொல்லி, 'கேப்டன்' என்று பெரிய எழுத்தில் வெட்டியும் ஆயிற்று. ஜூனில் திறப்பு. ஆனால் கல் நடும் சங்கத்தார், சீனியருக்கும் ஜூனியருக்கும் நடுவே மட்டும் தகப்பன் மகன் என்பதற்கு ஒரு தாள் கேட்டிருந்தார்கள். மார்ச்சுக்குள் கொடுக்க வேண்டும். ஸ்ரீவில்லிபுத்தூரில் முப்பத்தெட்டு வருடம் பத்திரம் எழுதிய சம்பந்தி இருக்கும்போது வேறு யாரிடம் போவது? நீலக் கோப்பில் நாற்பத்து மூன்று நகல்களோடு வந்து இறங்கிவிட்டார்.

"உங்களுக்கு எத்தனை தலைமுறை தெரியும்?" என்று கேட்டார். அப்பா, தாத்தா, கொள்ளுத்தாத்தா. மூன்று. அதற்கு மேலே மலையடிவாரத்தில் யாரோ காட்டை வெட்டிக் குடிசை போட்டார்கள் என்பதோடு சரி. அவர் ஆறுதலாக என் புறங்கையைத் தட்டினார். எட்டுக்கு மூன்று என்று தோற்றவனைத் தட்டுவதுபோல் இருந்தது.

அன்றே கோப்பைப் பிரித்தேன். அந்தப் பத்திரங்களைப் பார்த்து என் ரத்த அழுத்தம் ஏறியது உண்மை. ஒன்றில்கூட அப்பன் பெயர் இல்லை! நம் ஊரில் ஒரு மாட்டுக்கொட்டகையை விற்றாலும் இன்னார் மகன் இன்னார் என்று எழுதாமல் பேனா நகராது. ஆனால் எல்லை எழுதிய விதம் பிடித்திருந்தது. 'இரண்டு வெள்ளை ஓக் மரத்திலிருந்து ஓடை வரை, அங்கிருந்து பட்டுப்போன பீச் மரம் வரை.' பட்டுப்போன மரத்தை எல்லையாக எழுதியவன் நம் தொழில்காரன்தான், சந்தேகமில்லை. ஒரு தாள் மட்டும் கோப்பின் அடியில் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது. அந்த வட்டார நீதிமன்றப் புத்தகத்தின் முதல் பக்கம். அடுத்தவர் பன்றியின் காதில் இருந்த அடையாள வெட்டை மாற்றி வெட்டித் தன்னுடையதாக்கிக்கொண்டதற்கு ஜேக்கப் பிண்டல் ஜூனியருக்கு அபராதம். "கேப்டன் வீட்டுப் பிள்ளை. இளம் வயதுக் குறும்பு" என்றார் மார்ஜரி.

எங்கள் வீட்டில் சமைக்கும் பேச்சியம்மாளிடம் இதைச் சொன்னேன். "எங்க மாமனாரும் இதே கேசுதான் அண்ணாச்சி. ஆட்டுக்காத அறுத்துட்டு மூணு மாசம் உள்ள இருந்தாரு. நாங்க கல்லா நட்டோம்?" என்றாள்.

வெள்ளிக்கிழமை மார்ஜரியை ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பேருந்தில் அழைத்துப்போனேன். பத்திர அலுவலகம் பார்க்க வேண்டும் என்றார். கோபுரத்தை நான்கு நிமிடம் பார்த்தார், பதிவு அலுவலகத்துக்கு எதிரே பத்திரம் எழுதும் கொட்டகையில் ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்தார். என்னோடு தொழில் பழகிய ஐயாதுரை இன்னும் அங்கேதான் இருக்கிறான்.

"ஏலே, அமெரிக்காக்காரன் வந்துட்டான்டோய்! வெள்ளக்காரம்மாவ வேற கூட்டியாந்திருக்கான். என்னலே, கிரயமா, தானமா?"

"சம்பந்திலே. வாயக் கட்டு."

அன்று வ. புதுப்பட்டிக்காரர் ஒருவரின் கிரயம். சாட்சிக்கு இரண்டு கிழவர்கள் வந்திருந்தார்கள். இருவர் பெயரும் கருப்பசாமி, இருவரும் ஒரே தெரு. ஐயாதுரை, "பெரிய கருப்பசாமி, நீரு மொதல்ல போடும். சின்னவரு செத்த நேரம் பொறுங்க" என்றான். நான் மொழிபெயர்த்தேன். மார்ஜரி இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "அப்பாவும் மகனும்! முகம் அப்படியே இருக்கிறதே" என்றார். அதையும் மொழிபெயர்த்தேன். கொட்டகை சிரித்த சிரிப்பில் ஸ்டாம்ப் பேப்பர் பறந்தது.

"இவன் எம்புள்ளையா? எனக்கு மூணு வயசுதாம்மா எளையவன்" என்றார் பெரியவர். "எம்புள்ளையா இருந்தா இந்நேரம் ரெண்டு அறை விட்டுத் திருத்தியிருக்க மாட்டேனா?"

"நான் உம்ம புள்ளையா இருந்திருந்தா அந்தக் கெணத்தடி வயல எப்பவோ எழுதி வாங்கியிருப்பேன் வேய்" என்றார் சின்னவர்.

ஒரு தெருவில் ஒரே பெயரில் இரண்டு பேர் இருந்தால் மூத்தவர் பெரியவர், இளையவர் சின்னவர், உறவு ஒன்றும் வேண்டியதில்லை, பெரியவர் போய்விட்டால் சின்னவரே பெரியவராகிவிடுவார் என்று மார்ஜரிக்கு விளக்கினேன். அவர் கண்ணில் நீர் வரச் சிரித்து, நோட்டுப் புத்தகத்தில் எழுதிக்கொண்டார். நானும் சிரித்துக்கொண்டுதான் இருந்தேன். பாதியில் நின்றுவிட்டது. சீனியர். ஜூனியர்.

"என்னலே, மூஞ்சி செத்துப்போச்சு?" என்றான் ஐயாதுரை.

திரும்பும் பேருந்தில் இருபத்தாறு நிமிடம். மார்ஜரி பால்கோவாவைத் தாளோடு சேர்த்துச் சுரண்டித் தின்றுகொண்டிருந்தார். வீட்டுக்கு வந்து, செருப்பைக் கழற்றாமலே கோப்பை எடுத்தேன். கேப்டன் ஒரு நிலத் தகராறில் சாட்சி சொன்ன தாள் பதினேழாவது. வயது நாற்பத்தெட்டு என்று எழுதியிருந்தது. ஜூனியர் வேறு ஒரு வழக்கில் சாட்சி சொன்ன தாள் முப்பத்தாறாவது. அதே வருடம். வயது நாற்பத்திரண்டு. முப்பத்தொரு வருடத்தில் இந்த இரண்டையும் யாரும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கவில்லை. தாளின் தலையிலேயே ஜூனியர் என்று இருக்கும்போது யார் பார்ப்பார்கள்? ஆறு வயதில் பிள்ளை பெற்றிருந்தால் கேப்டனுக்கு வேறு காரணத்துக்காகவே கல் நட்டிருக்க வேண்டும்.

முருகனுக்குப் போன் போட்டேன்.

"அப்பா, சொல்லாதீங்க. கல்லு வெட்டியாச்சு. சொந்தக்காரங்க அம்புட்டு பேரும் வாராங்க. அவங்க அண்ணன் மேடையில பேசுறாரு."

"தப்புடா. கண்ணி அறுந்துபோச்சு."

"செத்து எரநூறு வருஷம் ஆனவங்கப்பா! யாருக்கு என்ன நஷ்டம்?"

யாருக்கு என்று அவனிடம் சொல்லவில்லை. எனக்குத்தான். சொன்னால் என் புதன்கிழமை போய்விடும். சொல்லாவிட்டால், மார்ச்சுக்குள் நானே ஏதாவது ஒரு தாளைக் காட்டி ஒப்பேற்ற வேண்டும். முப்பத்தெட்டு வருடம் ஒவ்வொரு பத்திரத்தின் அடியிலும் எழுதியவர் என்று என் பெயரைப் போட்டவன் நான். நான் யோக்கியன் என்று சொல்ல வரவில்லை. எனக்கு எட்டும் மூன்றும் பதினொன்றாக வராவிட்டால் தூக்கம் வராது, அவ்வளவுதான். மூன்று நாள் மாத்திரை மாறிப்போட்டு, கதவைப் பூட்டினேனா என்று ஐந்து முறை பார்த்துத் திண்டாடினேன். கடைசியில் பேச்சியம்மாள்தான் கேட்டாள், என்ன அண்ணாச்சி என்று. சொன்னேன்.

"சொல்லிப்போடுங்க. அங்க போயி நாலு பேரு முன்னால எவனாவது சொன்னா அந்தம்மா மூஞ்சிய எங்க கொண்டு வைக்கும்? இங்கன அழுதா நம்ம வீட்டோட போயிரும்."

திங்கட்கிழமை காலை, அதே மாடியில், இரண்டு தாளையும் பக்கத்தில் வைத்து, பறக்காமலிருக்க மேலே தாளுக்கொரு கூழாங்கல் வைத்தேன். மார்ஜரி நான்கு முறை படித்தார்.

"ஆறு" என்றார்.

"ஆறு" என்றேன்.

"முப்பத்தொரு வருடம்" என்றார். தாள்களைக் கோப்பில் போட்டு, நாடாவைக் கட்டிக்கொண்டு கீழே போனார். பேச்சியம்மாள் சுட்ட இரண்டு தோசையும் ஆறிப்போயின. மீதி நான்கு நாளில் என்னிடம் அவர் சொன்னது நன்றி, போதும், காலை வணக்கம் ஆகிய மூன்றுதான். மதுரை விமான நிலையத்துக்குக் காரில் போகும்போது சீட் பெல்ட் எங்கே என்று கேட்டார். அதை நான் நான்காவதாகச் சேர்த்துக்கொண்டேன்.

மே மாதம் நான் அங்கே போனேன். முதல் புதன்கிழமை ஒன்பதே முக்காலுக்கே சட்டை மாட்டி ஜன்னலோரம் உட்கார்ந்தேன். கார் வரவில்லை. இரண்டாவது புதனும் இல்லை. மூன்றாவதும் இல்லை. மருமகள் என்னைப் பார்த்துவிட்டுப் பார்க்காததுபோல் போனாள். முருகன், "நான்தான் சொன்னேனேப்பா" என்பதைச் சொல்லாமல் சொல்லும் வித்தையை அங்கே நன்றாகப் பழகியிருக்கிறான். ராஜபாளையத்தில் என்னோடு பேச எத்தனை பேர் என்று கணக்கெடுத்துப் பார்த்தேன். ஐம்பத்து நான்கில் விட்டுவிட்டேன்.

நான்காவது புதன், பத்து மணிக்கு ஹாரன். நான் ஏறினேன். மார்ஜரி காரை எடுத்தார். நூலகத்துக்குத் திரும்பும் முனையைத் தாண்டினார். கார் நீதிமன்றப் புல்வெளியில் நின்றது. இருபத்தேழு கற்கள். ஒரு கல்லின் மேல்வரி மட்டும் வழித்தெடுத்ததுபோல் குழிந்திருந்தது. 'கேப்டன்' இருந்த இடம். அதற்குக் கீழே இப்போது ஒரே ஒரு ஜேக்கப் பிண்டல்.

"கல் இனி ஜூனியருக்கு. சங்கத்துக்கு வீரன் வேண்டாமாம்" என்றார் மார்ஜரி. "ஆரம்பத்திலேயே இங்கே குடியிருந்தான் என்பதற்கு ஒரு சான்று போதுமாம். நீதிமன்றப் புத்தகத்தின் முதல் பக்கத்தைவிட நல்ல சான்று வேறு யாரிடமும் இல்லையாம்."

"பன்றிக் காதா?"

"பன்றிக் காது. என் அண்ணன் என்னோடு பேசுவதில்லை. மேடையில் பேச எழுதியதையும் கிழித்துவிட்டார்." குனிந்து கல்லில் ஒட்டியிருந்த புல்லைத் தட்டிவிட்டார். "என் ஆள் திருடன்தான். ஆனால் எல்லோருக்கும் முந்தி வந்து திருடியிருக்கிறான்."

நான் முதலில் சிரித்தேனா அவர் சிரித்தாரா என்பது என் கணக்கில் இல்லை. பேச்சியம்மாளின் மாமனார் கதையை அப்போதுதான் அவருக்குச் சொன்னேன். அவருக்கும் ஒரு கல் வைக்கலாமே என்றார்.

பிறகு, கல்லின் அடியில் ஒரு வரிக்கு இடம் இருக்கிறது, கண்டுபிடித்தவர் பெயரைப் போட வேண்டும் என்றார். செலவு என்னுடையது என்று நான்தான் பிடிவாதம் பிடித்தேன். கல் வெட்டுகிறவன் எழுத்துக்குப் பதினெட்டு டாலர் கேட்டான். அப்பா பெயரின் முதலெழுத்தோடு என் பெயர் பத்தொன்பது எழுத்து. அது மட்டுமல்ல, என் நான்காம் பாட்டன் பெயரே எனக்குத் தெரியாதபோது, வருடத்தில் பாதி நாள் இருக்கிற ஊரில் என் பெயரைக் கல்லில் வைத்துக்கொள்வது எனக்கு என்னவோபோல் இருந்தது. ஊர்ப் பெயரை மட்டும் போடு என்றேன். ஆங்கிலத்தில் ராஜபாளையம் பதினோரு எழுத்து. கல் வெட்டுகிறவன் அதைத் தாளில் எழுதி வாங்கிக்கொண்டு, தொப்பியைக் கழற்றி, "இவர் எந்த வருடம் காலமானார்?" என்று கேட்டான்.

"காலமாகவில்லை. நவம்பரில் அங்கேதான் போகிறேன்" என்றேன். அவன் மார்ஜரியைப் பார்த்தான். மார்ஜரி புல்லைப் பார்த்தார்.

இப்போது அந்தக் கல்லின் அடியில், ஒரு பன்றித் திருடனுக்குக் கீழே, என் ஊர் இருக்கிறது. புதன்கிழமைகளில் நூலகத்துக்குப் போகிற வழியில் ஐந்து நிமிடம் நிற்கிறோம். காக்கை ஒன்றும் வருகிறது. நவம்பரில் நான் போனபிறகு ஆறு மாதத்துக்கு, அது ஆள் அல்ல ஊர் என்று தெரிந்தவர்கள் அந்த வட்டாரத்தில் மூன்றே பேர்தான், மார்ஜரியும் முருகனும் மருமகளும். பதினோரு எழுத்தில் ஐந்து ஒரே எழுத்துத்தானே, விலையில் கொஞ்சம் தள்ளிக் கொடு என்று கல் வெட்டுகிறவனிடம் கேட்டுப் பார்த்தேன். ஒவ்வொன்றையும் தனித்தனியாகத்தான் வெட்ட வேண்டும் என்றான். எழுத்து பதினொன்றுக்கு நூற்றுத் தொண்ணூற்றெட்டு டாலர், அதன் மேல் நூற்றுக்கு ஆறு விற்பனை வரி. ஆக மொத்தம் இருநூற்று ஒன்பது டாலர் எண்பத்தெட்டு சென்ட்.