ஒழுகும் என்றேன், ஒழுகட்டும் என்றல்ல

சென்ற மாதம் என் மாமாவின் மணிவிழாவில், பந்தி முடிந்து வெற்றிலை போடும் வேளையில், அவர் மீண்டும் அந்தக் கதையை எடுத்தார். ஒன்பது வயதில் நான் வாய்விட்டுச் சபித்ததனால்தான் அவர் கழற்றிப் பூட்டிய மோட்டார் சைக்கிளில் எண்ணெய் ஒழுகியதாம். உறவினர் அனைவரும் சிரித்தனர். இலக்கணம் கற்பித்துப் பிழைக்கும் ஒருத்தியின் வினைமுற்றை முப்பது ஆண்டுகளாகத் திரித்து வழங்குவதை இனியும் பொறுப்பதற்கில்லை. ஆகவே நடந்ததை எழுதி வைக்கிறேன்.

வண்டி அம்மாவைப் பெற்ற தாத்தாவுடையது. அவர் மறைந்தபின் மயிலாப்பூரில் எங்கள் வீட்டுக் கிணற்றடியில் சாக்குப் போர்த்திக் கிடந்ததை, அம்மாவின் தம்பியாகிய மாமா தொண்ணூறுகளின் தொடக்கத்தில் உயிர்ப்பிக்க முற்பட்டார். எஞ்சின் என்று உலகம் வழங்கும் அப்பொறியை அக்கக்காகக் கழற்றி, மண்ணெண்ணெயில் கழுவி, மறுபடியும் பூட்டினார். இரண்டு உலோக முகங்கள் பொருந்தும் இடந்தோறும் எண்ணெய் கசியாதிருக்க இடையே ஒரு தாள் வேண்டும். கடைத்தெருவில் அதைப் ‘பேக்கிங்’ என்பர்; அடைப்புத்தாள் என்று சொன்னால் எவர்க்கும் எதுவும் குறைந்துவிடாது. அத்துணைப் பழைய வண்டிக்கு அது ஆயத்தமாகக் கிடைக்காது. பொறிமூடியின் விளிம்பின்மேல் கனத்த தாளைப் பரப்பி, உருண்டைத் தலைச் சுத்தியலால் மெல்லத் தட்டினால், விளிம்பே கத்தியாகித் தாளை வெட்டித் தரும்.

அன்று ஞாயிற்றுக்கிழமை. வாங்கி வைத்த தாளையெல்லாம் மாமா தப்பும் தவறுமாக வெட்டித் தீர்த்திருந்தார். கடைகள் மூடிக் கிடந்தன. நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று அவரே சொன்னாராம். நாளைக் காலை அப்பா வெளியூரிலிருந்து திரும்பிவிடுவார், வண்டி இன்றே ஓட வேண்டும் என்று அம்மா பிடிவாதம் பிடித்தாளாம். பிறகு பீரோவைத் திறந்து, புடவைகளுக்கு அடியிலிருந்து கனத்த தாள் ஒன்றை எடுத்து அவளே கொடுத்திருக்கிறாள்.

அது பள்ளிப் பேச்சுப் போட்டியில் நான் பெற்ற சான்றிதழ். ‘முதற்பரிசு’ என்னும் சொல் அதில் பொன்னிற எழுத்தில் புடைத்து நிற்கும். அந்தப் பேச்சை எழுதித் தந்தவளும், அடுப்படியில் நின்றபடி என்னை உருப்போட வைத்தவளும் அதே அம்மாதான்.

பாட்டு வகுப்பு முடிந்து வந்தபோது, கிணற்றடியில் விரித்திருந்த நாளிதழின்மேல் என் பெயரின் பின்பாதி கிடந்தது. முன்பாதி சுத்தியலுக்கு அடியில் இருந்தது.

“அது என்னோடது,” என்றேன்.

“அழாதேடி. எல்லாரும் சர்டிபிகேட்டைச் சுவத்துல மாட்டுவா. உன்னோடதுதான் ரோட்ல ஓடப்போறது,” என்றார் மாமா, தட்டுவதை நிறுத்தாமல்.

அம்மா என் பக்கம் திரும்பவேயில்லை. “சீக்கிரம் பூட்டுடா,” என்றாள் தம்பியிடம்.

நான் அழவில்லை. அந்தப் பொன்னெழுத்துகளை நாள்தோறும் விரலால் தடவி அறிந்தவள் நான். மூடியின் கீழ்விளிம்பில் சரியாக அவையே வந்து அமர்ந்திருப்பதைக் கண்டேன். மேடு உள்ள இடத்தில் பக்கத்திலேயே பள்ளமும் உண்டு. எண்ணெய்க்கு அது போதும்.

“மாமா, எழுத்து மேடா இருக்கு. ஒழுகும்,” என்றேன்.

ஒழுகும். எதிர்கால வினைமுற்று. கண்டதைக் கொண்டு வரப்போவதைச் சொல்வது. ‘ஒழுகட்டும்’ என்றிருந்தால் அது வியங்கோள். வாழ்த்தவும் வையவும் உரியது. இந்த வேறுபாடு பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும்; தெரிய வேண்டும்.

பசை தடவி, தாளை வைத்து, மூடியை முடுக்கினார்கள். பல உதைகளுக்குப் பின் பொறி உறுமி எழுந்தது. அம்மா பின்னிருக்கையில் அமர, இருவரும் சாந்தோம் பக்கமாகப் போயினர். பெயரின் பாதியைக் கையில் வைத்துக்கொண்டு நான் வாசலில் நின்றேன்.

விளக்கேற்றும் நேரத்தில் வண்டி திரும்பியது. ஓட்டி வந்தவள் அம்மா. புடவையை இழுத்துச் செருகி, பின்னல் அவிழ்ந்து, உப்புக்காற்று முகத்தில் பிசுபிசுக்கச் சிரித்துக்கொண்டு வந்தாள். பின்னால் மாமா, “மெதுவாக்கா, மெதுவா,” என்று கெஞ்சிக்கொண்டிருந்தார். அம்மா வண்டி ஓட்டுவாள் என்பதே எனக்கு அன்றுதான் தெரியும். திருமணத்துக்கு முன் தாத்தா அவளுக்கு அடையாற்றுச் சாலைகளில் கற்றுக்கொடுத்திருந்தார் என்பது தெரிய மேலும் பல ஆண்டுகள் ஆயின.

இடப்பக்க மூடியின் கீழ்விளிம்பில் எண்ணெய் சொட்டியது. அம்மாவின் புடவைக் கரை கறுத்திருந்தது.

“இவ வாய் இருக்கே. ஒழுகட்டும்னா, ஒழுகிடுத்து,” என்றார் மாமா.

“ஒழுகும்னுதான் சொன்னேன்,” என்று நான் கத்தினேன். இருவரும் சிரித்த சிரிப்பில் அது எவர் காதிலும் ஏறவில்லை. என் வினை அங்கேயே மாறியது, இன்றுவரை மீளவில்லை.

மறுநாள் அப்பா வந்தார். வண்டி சாக்குக்குள் போயிற்று. அம்மா அதன்பின் அதைத் தொட்டதில்லை. துவைகல்லருகே அவள் அந்தப் புடவையை வெறும் நீரில் அலசிக்கொண்டிருந்தபோது, நான் வேண்டுமென்றே போய் நின்று, “கறை போகாது,” என்றேன்.

“போக வேண்டாம்,” என்றாள்.

அவ்விரு சொற்களுக்கும் அன்றே என்னால் இலக்கணக் குறிப்பு எழுதியிருக்க இயலும். பொருள் மட்டும் விளங்கவில்லை. சோப்புக்குச் சிக்கனம் பார்க்கிறாள் என்று எண்ணிக்கொண்டேன்.

இருப்பினும் என்னை ஒரு சொல் கேட்டிருக்கலாம். அந்தக் கோபம் ஆறவில்லை. ஆற வேண்டியதும் இல்லை. பொறிகளை அறிந்தவர்கள் அடைப்புத்தாள் குறித்து நான் எழுதியதில் பிழை கண்டால் அன்புகூர்ந்து திருத்துக. என் வினைமுற்றை மட்டும் இருந்தபடியே விட்டுவிடுக.