போவாடியின் தண்ணீர்ப் பெட்டி

குமாசி நகரத்து சுவாமே பட்டறைப் பேட்டையில் ஒயரிங் போவாடியைத் தெரியாத ஓட்டுநர் கிடையாது. வண்டியின் ஆல்டர்னேட்டர் முனகினால் பானெட்டைத் திறக்காமலே எந்தப் பக்கம் கோளாறு என்று சொல்லிவிடுவார். நாற்பத்தேழு வயது, ஒல்லி உடம்பு, சட்டைப் பையில் எப்போதும் டெஸ்ட் விளக்கு. பெருமை மட்டும் கொஞ்சம் தூக்கல். அதைச் சொல்லாமல் விட்டால் அவரைப் பற்றிப் பாதிதான் சொன்னதாகும்.

பெட்ரோல் விலை ஒரே வருஷத்தில் இரண்டு முறை எகிறியபோது, எங்கோ ஒருவன் தண்ணீரில் கார் ஓட்டும் படத்தைப் போனில் பார்த்தார். அன்றோடு அவருக்குத் தூக்கம் போயிற்று. ஆஸ்பத்திரியில் கழித்துக் கட்டிய எவர்சில்வர் தட்டுகளை வாங்கி, காந்தம் ஒட்டுகிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்த்து, ஒட்டாததை மட்டும் உள்ளங்கை அகலத்துக்கு வெட்டினார். தகடுகளுக்கு நடுவே டயர் ட்யூப் ரப்பர். எல்லாவற்றையும் போல்ட் போட்டு இறுக்கி, பேட்டரி ஒயரைக் கொடுத்தால் தண்ணீர் இரண்டு வாயுவாகப் பிரிய வேண்டும். அந்த வாயு எஞ்சினுக்குள் போய் எரிந்தால் பெட்ரோல் மிச்சம். வெறும் தண்ணீரில் மின்சாரம் சரியாக ஓடாது. காரம் வேண்டும். அது வீட்டிலேயே இருந்தது.

அவர் மனைவி டூஃபி கருப்புச் சோப்புக் காய்ச்சிச் சந்தையில் விற்பவள். கோகோ நெற்றை எரித்த சாம்பலை ஊறவைத்து அவள் இறக்கும் தண்ணீர் தோலை உரிக்கும்.

"அந்தச் சாம்பத் தண்ணி ஒரு போத்தல் குடு."

"ஏன், மாஸ்டரு இப்ப சோப்பு வேற காய்ச்சப் போறீங்களா? சந்தையில எனக்குப் போட்டி போதாதா?"

அவள் சோப்புப் பானையிலிருந்தே மொண்டு கொடுத்தாள். எந்தப் பானை என்று இவரும் கேட்கவில்லை. பட்டறையில் ஒயரைக் கொடுத்ததும் சோப்பு நுரை பொங்கிக் குழாய் வழியே வெளியே வழிந்தது. எரிகிறதா பார்ப்போம் என்று தீக்குச்சியைக் காட்டினார். நுரைக் குமிழி ஒவ்வொன்றிலும் நெருப்புக்குக் காத்திருந்த வாயு. கூரைத் தகரம் அதிர்ந்தது, பக்கத்துப் பட்டறைக்காரர்கள் ஓடி வந்தார்கள், போவாடியின் இரண்டு புருவமும் காணாமல் போயிருந்தன. "மாஸ்டர், புருவம் கூட தண்ணியிலதான் ஓடுதா?" என்று ஒரு வாரம் வைத்துச் செய்தார்கள். வீட்டில் டூஃபி அழுதாள், பிறகு திட்டினாள், பிறகு வேறு பானையில் சுத்தமான சாம்பல் நீரை நாலு மடிப்புத் துணியில் வடிகட்டிக் கொடுத்தாள்.

எட்டு மாதத்தில் பெட்டி தயார். ஆனால் எவன் தன் வண்டியைக் கொடுப்பான்? தாவியா கொடுத்தான். ஒரே தெருவில் பந்து உதைத்து வளர்ந்த சிநேகிதன். மம்போங் ஊருக்கும் குமாசிக்கும் ஆளேற்றுகிற ட்ரோட்ரோ வேன் ஓட்டுகிறவன். வழக்கமாகப் போய்வர மூன்று காலன் பெட்ரோல் குடிக்கும் வண்டி. பெட்டி மாட்டிய மறு வாரம் தாவியா வந்து போவாடியைத் தூக்கிச் சுற்றினான்.

"ரெண்டரை காலன்தான்டா! ரெண்டரை!"

பேட்டையே திரண்டது. சிரித்த வாய்களெல்லாம் மாஸ்டர், மாஸ்டர் என்று குழைந்தன. அதே தடத்தில் ஓட்டும் அனானே என்ற இளவட்டம் நச்சரித்து இன்னொரு பெட்டியைச் செய்யவைத்துத் தன் வேனில் மாட்டிக்கொண்டான். பதினொரு பேர் பெயர் கொடுத்துவிட்டுக் காத்திருந்தார்கள். வெள்ளிக்கிழமை ரேடியோக்காரர் பேட்டி எடுக்க வருவதாகச் செய்தி வந்தது.

போவாடிக்குத்தான் சோறு இறங்கவில்லை. பெட்டியின் சுவிட்சைப் போட்டவுடன் எஞ்சின் சத்தம் ஒரு படி இறங்குவது அவர் காதுக்குத் தெரிந்தது. இருபது ஆம்பியர் இழுக்கிறது. அந்த மின்சாரத்தை ஆல்டர்னேட்டர் தர வேண்டும், ஆல்டர்னேட்டரை எஞ்சின் சுற்ற வேண்டும், எஞ்சினுக்குப் பெட்ரோல் வேண்டும். தன் வாலைத் தானே தின்று வயிறு நிறைக்கிற பாம்பு உண்டா? வேறு யாராவது கொண்டுவந்து காட்டியிருந்தால் இவரே கேலி செய்து விரட்டியிருப்பார். ஆனால் கணக்கு ரெண்டரை என்கிறதே. ரேடியோவில் பேசுவதற்கு முன் கண்ணால் பார்த்துவிடுவோம் என்று புதன்கிழமை தாவியாவின் வேனில் முன்சீட்டில் ஏறிக்கொண்டார்.

போகும்போது ஒன்றுமில்லை. திரும்பும்போது, மம்போங் மலைச்சரிவின் உச்சியில், தாவியா கியரை நியூட்ரலில் தள்ளிச் சாவியைத் திருப்பினான். எஞ்சின் செத்தது. பெட்டிக்கு மின்சாரம் போவதைக் காட்டத் தான் மாட்டிக்கொடுத்த மீட்டரின் முள் பூஜ்யத்தில் விழுவதைப் போவாடி பார்த்தார்.

"என்னடா பண்றே?"

"சும்மா இரு. இறக்கம்தானே, தானா உருளும்."

"பெட்டியே ஓடலையேடா!"

வளைவைத் தாண்டியதும் முன்னே மரம் ஏற்றிய லாரி ஒன்று ஊர்ந்துகொண்டிருந்தது. தாவியா பிரேக்கை மிதித்தான். ஒரு தரம் பிடித்தது, இன்னொரு தரம் பிடித்தது, அதற்குமேல் பெடல் கல்லாக நின்றது. எஞ்சின் ஓடாவிட்டால் பிரேக்குக்குத் துணை கிடையாது. இரண்டு காலாலும் எழுந்து நின்று மிதித்தான். போவாடி எட்டிச் சாவியைத் திருப்பினார். எஞ்சின் உறுமியது, பெடல் இளகிப் பிரேக் பிடித்தது. லாரியின் பின்னால் நீட்டிக்கொண்டிருந்த மரத்துக்கும் கண்ணாடிக்கும் ஒரு முழம் இருந்தது.

"டிரைவரே, வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறியா, காட்டுக்கு அனுப்பப் போறியா?" என்று சேனைக்கிழங்குக் கூடையை அணைத்துக்கொண்டு பின்னால் ஒரு பெண் கத்தினாள்.

ஓரங்கட்டியதும் போவாடி அவன் சட்டையைப் பிடித்தார். "தினமும் இப்படித்தானா?"

"எங்கெல்லாம் இறக்கமோ அங்கெல்லாம்," என்றான் தாவியா. "மொத நாளு ஒழுங்காதான் ஓட்டினேன். மூணே காலு குடிச்சுதுடா. பெட்டி இல்லாததை விட அதிகம். எட்டு மாசம் சோறு தண்ணி இல்லாம செஞ்சே. புருவம் போயி நின்னே. உன் மூஞ்சியைப் பாத்து நான் எப்படிடா சொல்வேன்?"

போவாடிக்கு அவனை அறையவும் தோன்றியது, கட்டிக்கொண்டு அழவும் தோன்றியது. திடீரென்று இன்னொரு வேன் நினைவுக்கு வந்தது.

"அனானே?"

"அவன் வந்து உன்கிட்ட குறை சொல்லிடுவான்னு... இறக்கத்துல எஞ்சினை அணைச்சாத்தான் பெட்டியில வாயு சேரும்னு சொல்லி வெச்சேன்."

அன்று இரவு போவாடி ஃபுஃபுக் களியைத் தொடவில்லை. விஷயத்தைக் கேட்ட டூஃபி, "ஊரு சிரிக்குமேன்னு பாக்கறீங்களா? ஏற்கெனவே ஒருதரம் சிரிச்சாச்சு, செத்தா போயிட்டோம்?" என்றாள்.

விடிந்ததும் வண்டிப் பேட்டைக்குப் போய், எல்லார் முன்னாலும் சொன்னார். "என் பெட்டி வேலை செய்யலை. பெட்ரோலை மிச்சம் பண்ணலை. அனானே, இறக்கத்துல எஞ்சினை அணைக்காதே. கழட்டிடுறேன்."

தாவியாவின் பெயரை அவர் எடுக்கவில்லை. கேட்டவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக் கண்ணடித்தார்கள்.

"ரேடியோக்காரர் வர்றாருன்னதும் மாஸ்டருக்குப் பெரிய ஆளுங்க சகவாசம் வந்துடுச்சு," என்றான் அனானே. "எங்களுக்குத் தராம கம்பெனிக்குக் குடுக்கப் போறீங்க. எனக்கு ஓடுது மாஸ்டர். என் வண்டியில கை வைக்காதீங்க."

ஸ்பானரைக் கையில் வைத்துக்கொண்டு போவாடி நின்றார். வேன் நிரம்பிக்கொண்டிருந்தது. இரண்டு பள்ளிக்கூடப் பிள்ளைகள், முதுகில் குழந்தையோடு ஒருத்தி. அவர் முன்கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்தார்.

திரும்பும் வழியில், மலை உச்சியில், அனானேயின் கை சாவிக்குப் போனது. அதற்கு முன்பே போவாடியின் உள்ளங்கை சாவியை மூடியிருந்தது.

"கையை எடுங்க மாஸ்டர்."

"மாட்டேன்."

"பெரியவராச்சேன்னு பாக்கறேன்."

"வெட்டிப் போட்டாலும் எடுக்க மாட்டேன். கியர்லயே இறக்கு."

அடிவாரம் வரை கையை எடுக்கவில்லை. ஒவ்வொரு இறக்கத்திலும் அதே சண்டை. குமாசி வந்து பெட்ரோல் அளந்து பார்த்த அனானே உதட்டைப் பிதுக்கினான்.

"பாருங்க, மூணே காலு போயிருக்கு. மாஸ்டர், உங்க பெட்டி கெட்டுப்போச்சு."

போவாடி ஸ்பானரை அவனிடம் நீட்டினார். உண்மையைச் சொன்னபோது ஒருவரும் கழற்ற விடவில்லை.

"ஆமாப்பா, கெட்டுப்போச்சு," என்றார். "கழட்டிக் குடு. சரிபண்ணித் தர்றேன்."

இரண்டு பெட்டிகளையும் அன்றே தகடு தகடாகப் பிரித்துப் பழைய இரும்புக் கடையில் போட்டார். ரேடியோக்காரரிடம் இன்னும் தயாராகவில்லை என்றார். பெயர் கொடுத்த பதினொரு பேரும் வேறு மெக்கானிக்கிடம் போக ஆரம்பித்தார்கள். அனானேயின் பெட்டியைப் போவாடி அமுக்கிக்கொண்டார் என்று பேட்டை முழுக்கப் பேச்சு. சந்தையில் டூஃபியின் காதுபடவே திருடன் என்றார்கள்.

மாதம் ஒருமுறை அனானே பட்டறை வாசலில் வண்டியை நிறுத்துவான்.

"என் பெட்டி என்னாச்சு மாஸ்டர்?"

"வேலை நடக்குது. நீ மலையில எஞ்சினை அணைக்கிறியா?"

"பெட்டியே இல்லையே, எதுக்கு அணைக்கணும்? எப்பத்தான் தருவீங்க?"

"நாளைக்கு வா," என்பார் போவாடி, தலையை நிமிர்த்தாமல்.