உரோமத்தோல் சங்கத்தின் விருந்து

எண்பதுகளின் நடுவில் பெர்ன் நகரில் எனக்குக் கிடைத்த முதல் வேலை ஒரு பழைய வீட்டைத் துடைப்பது. கல் வளைவுகளுக்கு அடியில் கடைகள் இருக்கும் தெருவொன்றில் அந்த வீடு இருந்தது. வாசலுக்கு மேலே பின்னங்கால்களில் நிற்கும் நரி ஒன்றைக் கல்லில் செதுக்கியிருந்தார்கள். உள்ளே நீண்ட ஓக் மேசை, சுவர் முழுக்கக் குடும்பச் சின்னங்கள், ஒரு கண்ணாடி அலமாரியில் பூச்சி அரித்த தோல் துண்டுகள். அது உரோமத்தோல் வணிகர் சங்கத்தின் வீடு என்றார்கள். அங்கே நான் வேலை செய்த காலம் முழுவதும் ஒரு உரோமத்தோல் வணிகரையும் கண்டதில்லை.

வீட்டைப் பார்த்துக்கொள்ளும் சுவிஸ்கார அம்மாவிடம் விசாரித்தேன். பல் வைத்தியர் இருக்கிறார், பாலம் கட்டும் பொறியியலாளர் இருக்கிறார், காப்புறுதிக் கந்தோரில் பெரிய ஆள் ஒருவர் இருக்கிறார் என்று விரல் மடக்கிச் சொன்னார். அப்படியானால் ஏன் உரோமத்தோல் சங்கம் என்று கேட்டேன். அவர்களுடைய தகப்பன்மார் இந்தச் சங்கம் என்றார். தகப்பன்மார் உரோமத்தோல் விற்றார்களா? இல்லை, அவர்களும் இல்லை, பாட்டன்மாரும் இல்லை. அந்த அம்மாவுக்கு என்னுடைய கேள்வி விளங்கவில்லை, எனக்கு அவருடைய பதில் விளங்கவில்லை. இரண்டு பேரும் ஆளையாள் பாவம் பார்த்துவிட்டு வேலையைத் தொடர்ந்தோம்.

துண்டு துண்டாக நான் பொறுக்கிக்கொண்டது இவ்வளவுதான். பல நூறு வருடங்களுக்கு முன் இவர்களின் முன்னோர் காட்டு நரி, அணில், கீரியைப் போன்ற சிறு விலங்குகளின் தோலை வாங்கிப் பதப்படுத்தித் தைத்து விற்றார்கள். நாற்றம் தாங்காமல் ஊர் அவர்களை ஆற்றுப் பக்கம் தள்ளி வைத்திருந்தது. ஆனால் குளிர் நாடல்லவா, பிரபுக்களின் கழுத்துப்பட்டிக்கு உரோமம் வேண்டும். சங்கமாகச் சேர்ந்தார்கள், யார் எந்தத் தோலைத் தைக்கலாம் என்று சட்டம் போட்டார்கள், விதவைகளையும் நோயாளிகளையும் சங்கத்துப் பெட்டியிலிருந்தே பார்த்தார்கள். பணம் வந்தது, நகரசபையில் கதிரை வந்தது. பிறகு தொழில் போய்விட்டது, சங்கம் மட்டும் தகப்பனிலிருந்து பிள்ளைக்கு என்று போய்க்கொண்டே இருக்கிறது. இன்றைக்கும் அவர்களில் ஒருவர் நொடிந்து போனால் சங்கம்தான் கை கொடுக்கிறது.

இதை நான் ஒரே நிமிடத்தில் விளங்கிக்கொண்டேன் என்று நினைத்தேன். நாங்கள் தங்கியிருந்த, நகரத்தின் ஓரத்திலுள்ள பூம்ப்ளிஸுக்குத் திரும்பும் பஸ்ஸில், என்னோடு அதே வீட்டைத் துடைத்த என் அறைத்தோழனிடம் பெரிய கண்டுபிடிப்பாகச் சொன்னேன்.

"டேய், இது வேறையொண்டுமில்லை. சாதி. எங்கடை மாதிரித்தான்."

அவன் கண்ணாடிக்கு வெளியே பார்த்தான். "சாதியெண்டால், நாங்கள் தோல் உரிச்ச ஆக்கள் எண்டு வாசலிலை செதுக்கி வைப்பினமோ அண்ணை?" என்றான்.

எனக்குக் கோபம்தான் வந்தது. பதில் தெரியாத இடத்தில் கோபப்படுவது என் சுபாவம்.

அந்த அறைத்தோழனைப் பற்றிச் சொல்லவேண்டும். எனக்கும் அவனுக்கும் கிட்டத்தட்ட ஒரே வயது, மரியாதைக்கு அண்ணை என்பான். இரண்டு பேருக்கும் அகதி வழக்கு முடிவு தெரியாமல் இழுபட்டுக்கொண்டிருந்தது. பூம்ப்ளிஸில் ஒரே அறை, ஒரே அடுப்பு, ஒரே வேலை. அவன் சமைப்பான், நான் கழுவுவேன். தபால்காரன் வரும் நேரத்தில் நான் கதவுப் பக்கமே போகமாட்டேன். அவன்தான் கீழே போய்க் கடிதம் எடுத்து வருவான். அவன் இல்லாவிட்டால் அந்தக் குளிர்காலத்தில் எனக்குப் பைத்தியம் பிடித்திருக்கும். இதை நான் கூச்சமில்லாமல் சொல்கிறேன்.

ஆனாலும் எனக்குள் ஒரு நமைச்சல். யாழ்ப்பாணத்தான் இரண்டு பேர் சந்தித்தால் மூன்றாவது கேள்வியில் எந்த ஊர், ஐந்தாவது கேள்வியில் எந்தக் கோயிலடி, ஆர் சொந்தம் என்று போய் நிற்பான். பெயர் சொல்லாமலே சாதியைக் கண்டுபிடிக்கும் வழி அது. நானும் கேட்டேன், ஒரு தரமல்ல. அவன் "ரவுண் பக்கம்தான் அண்ணை" என்று யாழ்ப்பாண நகரத்தை மொத்தமாகச் சொல்லிவிட்டுப் பருப்பைக் கிண்டத் தொடங்கிவிடுவான். கேட்பதை நிறுத்தியிருக்கலாம். அவனை இழக்கக்கூடாது என்ற பயம் எனக்கு நன்றாகவே இருந்தது. இருந்தும் வாய் சும்மா இருக்கவில்லை.

வசந்த காலத்தில் சங்கத்தின் வருடாந்த விருந்து வந்தது. ஞாயிற்றுக்கிழமை மதியம். பரிமாறுவதற்கு எங்கள் இருவரையும் வெள்ளைச் சட்டை போட்டு நிறுத்தினார்கள். சாப்பாடு முடிந்ததும் தலைவர் அலமாரியைத் திறந்து வெள்ளியில் செய்த நரியொன்றை எடுத்தார். தலையைத் திருகிக் கழற்றினால் உடம்பு கிண்ணம். அதில் வைன் ஊற்றி, ஒருவர் குடித்து, விளிம்பைத் துணியால் ஒரு தரம் துடைத்து அடுத்தவரிடம் கொடுத்தார்கள். பல் வைத்தியரும் பொறியியலாளரும் ஒரே கிண்ணத்தில் வாய் வைத்துக் குடித்தார்கள். எச்சில் என்ற சொல்லே இவர்களிடம் இல்லையோ என்று நான் வாய் பிளந்து பார்த்துக்கொண்டு நின்றேன்.

தலைவர் வயதானவர், நல்ல மனிதர். எங்களிடம் திரும்பி, மெதுவான ஜெர்மன் மொழியில், உங்கள் நாட்டில் உங்கள் தகப்பன்மார் என்ன தொழில் என்று கேட்டார். நான் முந்திக்கொண்டு, காணி, எங்களுக்குக் காணி இருந்தது என்றேன். ஊரில் அந்தச் சொல்லுக்கு ஒரு கனம் உண்டு. இங்கே மரியாதைக்குத் தலையாட்டினார்கள், அவ்வளவுதான்.

பிறகு அவனைப் பார்த்தார்கள். ரவுண் பக்கம் என்று சொல்லித் தப்புவான் என்று நினைத்தேன். அவன் கையிலிருந்த தட்டங்களை மேசையில் வைத்தான். தோல் என்றான். அலமாரியைத் துடைத்துத் துடைத்துப் பழகிய ஜெர்மன் சொற்கள் அவனிடம் இருந்தன. என் தகப்பன், அவருடைய தகப்பன், எல்லாரும் மாட்டுத் தோலைப் பதப்படுத்திப் பறை கட்டுகிறவர்கள், சாவு வீட்டில் அடிக்கும் பறை என்றான்.

மேசை முழுவதும் சந்தோஷப்பட்டது. ஒருவர் கைதட்டினார். எத்தனை தலைமுறை, எந்தச் சுண்ணாம்பு, மயிரை எப்படி எடுப்பீர்கள் என்று கேள்விக்கு மேல் கேள்வி. தலைவர் எழுந்து தன் பக்கத்துக் கதிரையை இழுத்து அவனை உட்கார வைத்தார். இத்தனை வருடத்துக்குப் பிறகு இந்த மேசைக்கு உண்மையான தோல்காரர் ஒருவர் வந்திருக்கிறார் என்று சொல்லி, வெள்ளிக் கிண்ணத்தை அவன் கையில் கொடுத்தார்.

அவன் அதை இரண்டு கையாலும் வாங்கி ஒரு கணம் யோசித்தான். பிறகு தலையை அண்ணாந்து, கிண்ணத்தை உயரப் பிடித்து, வாயில் படாமல் ஊற்றிக் குடித்தான். வெள்ளைச் சட்டையில் வைன் சிந்தியது. அவர்கள் அதை எங்கள் நாட்டுச் சங்கத்தின் முறை என்று நினைத்து ஆரவாரித்தார்கள். அவன் எழுந்து வந்து, துணியால் விளிம்பைத் துடைத்துக் கிண்ணத்தை என்னிடம் நீட்டினான். அவன் வாய் அதில் படவேயில்லை. எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

எனக்கு என்ன நடந்தது என்று இன்றைக்கும் தெரியாது. எட்டு மாதம் அவன் கையால் சாப்பிட்டவன் நான். இவர்களெல்லாம் யார், இவனை ஏன் உட்கார வைத்தார்கள், நான் ஏன் நிற்கிறேன், இந்த வீட்டில் மேல் எது கீழ் எது என்று தலைக்குள் எல்லாம் சுற்றியது. கிண்ணத்தை வாங்கினேன். வாங்கி, குடிக்காமல், பக்கத்திலிருந்த தட்டத்தில் வைத்துவிட்டேன்.

"குடிக்கேல்லையோ அண்ணை?" என்று மெல்லக் கேட்டான்.

"வேலை நேரமடா" என்றேன்.

"ஓம்" என்றான்.

வேலை நேரம்தான், பொய்யில்லை. வேலை நேரத்தில் குடிக்கக்கூடாது என்று வீட்டைப் பார்த்துக்கொள்ளும் அம்மாவும் சொல்லியிருந்தார். அடுத்த மாதம் அவன் ஓல்டன் என்ற வேறு ஊரில் வேலை எடுத்துக்கொண்டு போன பிறகு, இந்த நியாயத்தை எத்தனையோ தரம் எனக்கு நானே சொல்லிப் பார்த்திருக்கிறேன். உதவவில்லை. என் கை யோசித்துச் செய்ததா, யோசிக்காமல் செய்ததா என்பதுகூட எனக்குத் தெரியவில்லை. யோசிக்காமல் செய்திருந்தால் அது இன்னும் மோசம் என்று மட்டும் தெரிகிறது.

விருந்து நடந்த அன்று மாலை ஆறு மணிபோல அறைக்கு வந்தோம். பஸ்ஸில் சங்கத்தாரைப் பற்றிச் சிரிக்கச் சிரிக்கக் கதைத்துக்கொண்டு வந்தான். எனக்கு ஆறுதலாக இருந்தது. வந்ததும் சட்டையை ஊறப்போட்டுவிட்டு வழக்கம்போலச் சமைத்தான். சோறும் மீன் குழம்பும். நான் மேசையில் போய் உட்கார்ந்தேன். அவன் அகப்பையை என் சாப்பாட்டுக் கோப்பைக்கு மேலே கொண்டுவந்து நிறுத்தினான்.

"போடட்டோ அண்ணை?"

அந்த எட்டு மாதத்தில் அவன் ஒருநாளும் இப்படிக் கேட்டதில்லை. போதும் என்றாலும் அதட்டிப் போடுகிறவன்.

"இதென்ன கேள்வி, போடு" என்றேன். எனக்கே அந்நியமான குரலில் வந்தது.

போட்டான். நான் பிசைந்து முதல் வாய் வைக்கும்வரை பார்த்துக்கொண்டு நின்றான். நான் சாப்பிட்டேன், வேகமாக, அவனுக்குத் தெரியும்படி சாப்பிட்டேன். தலை நிமிர்ந்தபோது எதிர்க் கதிரை வெறுமையாக இருந்தது. அவன் தன் கோப்பையோடு பாத்திரம் கழுவும் தொட்டியடியில், எனக்கு முதுகு காட்டி நின்று சாப்பிட்டுக்கொண்டிருந்தான்.

"வந்து இரன்" என்றேன்.

"இருக்கட்டும் அண்ணை. பழக்கம்தான்" என்றான், திரும்பாமல்.